அனலாக் சம்மிங் பெட்டியா, மென்பொருளுக்குள்ளேயே மிக்ஸா?

ஒரு பாட்டின் தனித்தனி டிராக்குகளை ஒன்றாகச் சேர்ப்பதுதான் மிக்ஸ். அதைக் கணினி மென்பொருளுக்குள்ளேயே செய்யலாம்; இல்லையென்றால் டிராக்குகளை வெளியே எடுத்து, மின்சுற்றால் சேர்க்கும் அனலாக் சம்மிங் பெட்டிக்கு அனுப்பலாம்.

செலவு: மென்பொருளில் கூடுதல் செலவே இல்லை. பெட்டிக்கோ 8 அல்லது 16 அவுட்புட் உள்ள கன்வெர்ட்டர் (டிஜிட்டல் ஒலியை மின்சிக்னலாக மாற்றும் கருவி), அத்தனை கேபிள். உள்ளே பெருக்கி இல்லாத பாசிவ் வகை என்றால், குறைந்துபோன சிக்னல் அளவை மீட்க ஒரு ப்ரீஆம்பும் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வேண்டும்.

ஒலி: இங்கேதான் குழப்பம். மென்பொருள் ஒலியை எண்களாக வைத்துக் கணக்கிடும் 32 பிட் ஃப்ளோட் முறையில் டிராக்குகளைச் சேர்ப்பது வெறும் கூட்டல் கணக்கு. காதுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் கெடாது. பெட்டி தருவது துல்லியம் அல்ல, நிறம்; அதாவது ஒலியில் அது சேர்க்கும் தனித்தன்மை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியில் அதற்குக் கொஞ்சம் அதிக சிக்னல் கொடுத்து ஓட்டினால் பேஸ் கிட்டார் தடித்து முன்னால் வரும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வையுங்கள்; அரை டெசிபல் கூடினாலே காது ஏமாந்துவிடும்.

வசதி: பழைய மிக்ஸை மென்பொருள் அப்படியே திறந்து தரும். பெட்டியில் பாட்டு முழுக்க ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும்.

அடிக்கடி திருத்தம் கேட்கிற வேலையா, மென்பொருளே போதும். நல்ல கன்வெர்ட்டர் ஏற்கனவே கையில் இருந்து, அந்த நிறமும் வேண்டுமென்றால் பெட்டி வாங்கலாம்.