நிலம் அதிகம் ஆடாத இடத்தில் அணு உலை: எந்தக் கணக்கு?

நில அதிர்வு அரிதான பகுதியில் அணு உலை கட்டும்போது ஆபத்தைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. நிர்ணய முறையில், நிலத்தடிப் பாறையில் தெரிந்த பிளவுகளில் வரக்கூடிய பெரிய நில அதிர்வை எடுத்து, அது மிக அருகில் வந்தால் இங்கே எவ்வளவு ஆடும் என்று பார்ப்பார்கள். யாருக்கும் சுலபமாகப் புரியும். ஆனால் பிளவே தெரியாவிட்டால்? ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் 1988 ஜனவரியில் 12 மணி நேரத்துக்குள் 6 ரிக்டருக்கு மேல் மூன்று அதிர்வுகள் வந்து, 30 கிலோமீட்டருக்கு மேல் நீளத்துக்கு நிலம் பிளந்தது. அங்கே அப்படியொரு பிளவு இருப்பதாக அதற்கு முன் யாரும் நினைக்கவில்லை.

நிகழ்தகவு முறை 1968-இல் அமெரிக்கப் பொறியாளர் கார்னெல் முன்வைத்தது. தெரிந்த பிளவு, தெரியாத பிளவு, சிறிய அதிர்வு, பெரிய அதிர்வு எல்லாவற்றையும் சேர்த்து, சராசரியாக 10,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் தாண்டப்படக்கூடிய அதிர்வு அளவு எது என்று கேட்கும். சரி, கருவிப் பதிவு இருப்பதோ சுமார் நூறு ஆண்டுக்குத்தான். அதனால் நிபுணர்களின் மாறுபட்ட கருத்துகளுக்கும் எடை கொடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது, அந்த எடையை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டையே.

2011-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வந்த 5.8 அதிர்வு, நார்த் அன்னா அணு உலையின் வடிவமைப்பு அளவைச் சில அதிர்வெண்களில் தாண்டியது. பயன்படுத்திய எரிபொருளைச் சேமித்து வைக்கும், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள கலன்கள் சில அங்குலம் நகர்ந்தன. உலை பத்திரமாக நின்றது, கட்டுமானத்தில் இருந்த உபரி வலிமை காப்பாற்றியது.

நான் நிகழ்தகவு பக்கம்தான். ஆனாலும் விடை எவ்வளவு சிறிதாக வந்தாலும், சர்வதேச அணுசக்தி முகமை சொல்லும் 0.1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு) என்ற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கவே கூடாது.