லாங்கிளிஃப் ஹாஃப்மன் காளவாய்: உள்ளே போய்ப் பாருங்கள்

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில், செட்டில் ஊருக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டி நிற்கிறது இந்தச் சுண்ணாம்புக் காளவாய். கட்டணம் கிடையாது. வெளியே நின்றால் புல் மூடிய நீளமான கல் மேடுதான் தெரியும். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். வளைவு வாசல் வழியே உள்ளே இறங்கி ஒரு சுற்று முழுதாக வந்தால்தான் விஷயம் புரியும்.

கிணறு போல நிமிர்ந்து நிற்கும் காளவாயில் மேலே கல்லையும் கரியையும் கொட்டி, அடியில் சுண்ணாம்பை வாருவார்கள். ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற முறை வேறு: கல் அசையாது, நெருப்பு நகரும். 1873-இல் கிரேவன் லைம் கம்பெனி கட்டிய இதில் 22 அறைகள், இடைச்சுவர் இல்லாமல் ஒரே வளையச் சுரங்கமாக ஓடுகின்றன. ஓர் அறையில் சுண்ணாம்பு அள்ளும்போது இன்னொன்றில் கல் அடுக்குவார்கள். எதிர்ப்பக்கம் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். திறந்த வாசலில் நுழையும் காற்று, வெந்த சுண்ணாம்பை ஆற்றித் தானும் சூடாகி நெருப்பை அடையும். அங்கிருந்து போகும் புகை அடுத்த அறைகளின் கல்லைக் காய்ச்சிவிட்டுத்தான் வெளியேறும். கரிச் செலவு மிச்சமாவது இந்த இரண்டு இடத்திலும்தான்.

டார்ச்சை மேலே அடியுங்கள். கூரையில் தெரியும் துளைகள் பொடிக்கரி போட்ட வழி. அவற்றுக்கு நேர்கீழே இடைவெளி விட்டுக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் காற்றோட்டம் அடைபட்டு, கல்லின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். சூடு மிஞ்சினால் சுண்ணாம்பு இறுகிவிடும். தண்ணீர் விட்டாலும் சீக்கிரம் நீறாது, சுவர்ப் பூச்சுக்குள் போன பிறகு தாமதமாக நீறிப் பொருக்கு விடும். சரியாக வெந்த 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுண்ணாம்பு தரும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். நீற்றாத சுண்ணாம்பு வியர்வை பட்டாலே தோலைப் பொசுக்கும். அந்த வெக்கையில் நின்று அதை அள்ளியவர்களை நினைக்காமல் இந்தச் சுரங்கத்தில் நடக்க முடியாது.

1931-இல் நெருப்பு அணைந்தது. 1937-இல் மறுபடி மூட்டி, 1939-இல் அடியோடு நிறுத்தினார்கள். 1951-இல் புகைபோக்கியும் விழுந்துவிட்டதால், புகை இழுபட்ட வழியை நாமேதான் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். காளவாயின் உயிரே அந்த இழுப்பு என்பதால் இது பெரிய குறை.

தரை மேடுபள்ளம், மழைக்குப் பின் சேறு, கூரைச் சொட்டு. பிடிப்புள்ள காலணி போடுங்கள். கைபேசி வெளிச்சம் போதாது, தனி டார்ச் வேண்டும். தளர்ந்த செங்கல்லை அசைக்காதீர்கள். அதே வளாகத்தில் மூன்று வாய் கொண்ட நிமிர்ந்த காளவாயின் மிச்சமும் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். வேறுபாடு உடனே பிடிபடும்.