"விண்டோஸ் நாங்களே போட்டுத் தந்துருவோம்": புதுக் கம்ப்யூட்டரில் நான் ஏமாந்தது, நீங்கள் பார்க்க வேண்டியது

நெல்லைப் பக்கம் புதுசாக கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறவர்களும், போன ஏழெட்டு மாதத்துக்குள் பண்ணினவர்களும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். போனது என் பணம் மட்டும் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். என்னை நம்பிக் கணக்கு கொடுத்திருக்கிறவர்களின் பணமும் போக இருந்தது.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. வீட்டில் இருந்தே கணக்கு எழுதுகிறேன். இரண்டு அப்பளக்காரர்கள், ஒரு அரிசி மண்டி, ஒரு உரக்கடை. டேலி, ஜிஎஸ்டி தாக்கல், பேங்க் ஸ்டேட்மெண்ட் ஒத்துப் பார்ப்பது, எல்லாம் ஒரே பெட்டியில். பழைய பெட்டி 2014-இல் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லை, ப்ராசஸரும் பழசு. நாலு பேருடைய கணக்கு இருக்கிற பெட்டியைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்ட மனசு வரவில்லை. பொங்கல் முடிந்ததும் திருநெல்வேலிக்குப் போனேன்.

கடை பேர் வேண்டாம். நன்றாக ஓடுகிற கடைதான், கூட்டம் எப்போதும் இருக்கும். சாமான் எல்லாம் நான் சொன்னபடியே எடுத்தார்கள்: வேகமாக ஓட 500 ஜிபி எஸ்எஸ்டி, கணக்கு பேக்கப் வைக்க 1 டிபி ஹார்ட் டிஸ்க், 16 ஜிபி ரேம். மொத்தம் 46,500 ரூபாய். விண்டோஸ் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் நாங்களே போட்டுத் தந்துருவோம்க்கா. ஒரிஜினல்தான். 2,500 ஆகும்."

"பில்லுல எழுதுவீங்களா தம்பி?"

"சாமானுக்குத்தாங்க்கா பில்லு. இது சர்வீஸ் சார்ஜ்."

அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு, பில்லில் வராத காசு என்றால் என்ன என்று தெரியும். சாயங்காலம் செங்கோட்டை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஜிபே பண்ணிவிட்டு, பெட்டியைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் குறை ஒரு வாரத்திலேயே தெரிந்தது. பட்டனை அழுத்தினால் டெஸ்க்டாப் வந்து நிற்க மூன்று நிமிஷம். டேலி திறக்க இன்னொரு நிமிஷம். உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். போன் போட்டுச் சொன்னேன். "புதுசுல்லாக்கா, செட் ஆவ நாள் எடுக்கும்" என்றார்கள். நம்பினேன்.

இரண்டாவது வைகாசியில். அப்பளக்கார அண்ணாச்சி ஒருநாள் காலையிலேயே போன் பண்ணினார். "ஏம்மா, அக்கவுண்ட் நம்பர் மாறிட்டுன்னு மெயில் போட்டிருக்கியே, மாவு மில்லுக்காரருக்கு இனிமே இந்த நம்பருக்கு அனுப்பணுமாமே?" நான் அப்படி எதுவும் அனுப்பவில்லை. மெயிலைத் திறந்து 'சென்ட்' பகுதியைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை, அனுப்பிய பிறகு அழித்திருக்கிறார்கள். ஆனால் அண்ணாச்சிக்குப் போயிருந்தது என் ஐடியில் இருந்துதான். நான் எழுதுகிற மாதிரியே, "வணக்கம் அண்ணாச்சி" என்று தொடங்கி, போன மாதப் பாக்கித் தொகையைச் சரியாகக் குறிப்பிட்டு. என் பழைய மெயில்களை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். தொகை 1,84,000. அண்ணாச்சி போன் போடாமல் அனுப்பியிருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடியும் வேறு ஊரிலிருந்து லாகின் ஆனதாக எச்சரிக்கை வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. அதே பெட்டியில் உட்கார்ந்துதான் மாற்றினேன். புதுப் பாஸ்வேர்டும் அதே வழியாகப் போயிருக்கிறது.

ஆனித் தேரோட்டத்துக்கு அண்ணன் மகன் பெங்களூரில் இருந்து வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும், "மருமவனே, இத கொஞ்சம் பாருப்பா" என்று உட்கார வைத்தேன். அவன் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். அங்கே டிஸ்க் 0 என்று ஒன்று, பக்கத்தில் எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், என்று போட்டு, கீழே சி டிரைவ். எஸ்எஸ்டி தனியாக ஒரு ஓரத்தில் ஜீரோ சதவீதத்தில் சும்மா கிடந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அத்தை, விண்டோஸ ஹார்ட் டிஸ்க்ல போட்டுருக்கான். எஸ்எஸ்டிய தொடவே இல்ல."

ஐந்து மாதம். வேகத்துக்காகக் காசு கொடுத்து வாங்கின சாமான், பெட்டிக்குள் வெறுமனே திருகி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன், விண்டோஸின் உரிமம் எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று காட்டுகிற பக்கம். அங்கே இருந்த வரியை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை: உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது. எனக்கு எங்கே நிறுவனம்? நானும் இந்த மேஜையும்தான். மேலே பதிப்பு என்று பார்த்தால் 'எண்டர்பிரைஸ்'. அது பெரிய கம்பெனிகள் மொத்தமாக உரிமம் வாங்கிப் போடுகிற பதிப்பு. என்னைப் போலத் தனி ஆளுக்குச் சில்லறையில் விற்பதே இல்லை.

மருமகன் விளக்கியதை எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். பெரிய கம்பெனிகளில் ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக கீ, அதாவது உரிம எண், அடிக்க முடியாது. அதனால் கம்பெனிக்குள்ளேயே கேஎம்எஸ் என்று ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதனிடம் கேட்டு ஆக்டிவேட் ஆகும். அது 180 நாளைக்குச் செல்லும். அதற்குள் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். திருட்டு விண்டோஸ் போடுகிறவர்கள் அந்த சர்வரைப் போல நடிக்கிற ஒரு சின்ன புரோகிராமை உங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அது முழு அதிகாரத்தோடு, நீங்கள் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் பின்னால் ஓடும். எங்கிருந்தோ இறக்கினது, யார் எழுதினது, உள்ளே வேறு என்ன சேர்த்திருக்கிறது என்று போட்டுத் தருகிற தம்பிக்கே தெரியாது.

விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைப் பார்த்த உடனே பிடித்துவிடும். அதனால் அவர்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? டிஃபெண்டரில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இங்கே தேடாதே என்று சொல்லி வைக்கிற இடம். அதைத் திறந்தோம். ஒரே ஒரு வரி. சி டிரைவ். ஒரு ஃபைல் இல்லை, ஒரு ஃபோல்டர் இல்லை, முழு சி டிரைவும். வீட்டுக்குக் காவல்காரனை வைத்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொன்ன மாதிரி.

அந்த வரியை நீக்கி ஸ்கேன் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் 'ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ்', அந்த நடிக்கிற புரோகிராம்தான். அதற்குக் கீழே பாஸ்வேர்டு திருடுகிற ட்ரோஜன் ஒன்று. இந்த வகைத் திருடன் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லையாம். ப்ரௌசரில் நாம் லாகின் ஆகி இருக்கிற நிலையையே குக்கியோடு தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால்தான் ஓடிபி கேட்காமலேயே என் மெயிலுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

மறுநாள் கடைக்குப் போனோம். கடை முதலாளி கல்லாவில் இருந்தார். போட்டோ எடுத்துப் போயிருந்த ஸ்க்ரீன்களைக் காட்டினேன். கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடுதோம். இப்படிப் போடலேன்னா விண்டோஸ் ஓடாது. ஒரிஜினல்னா நீங்க பத்தாயிரத்துக்கு மேல கொடுக்கணும், யாரு கொடுப்பா?" என்றார்.

இதில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இப்படிப் போடாவிட்டால் ஓடாது என்பது பொய். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11-ஐக் காசில்லாமல் இறக்கலாம். போடும்போது கீ கேட்கும் இடத்தில், 'என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கொடுத்தால் மேலே போகும். மூலையில் ஆக்டிவேட் பண்ணச் சொல்லி எழுத்து நிற்கும், வால்பேப்பர் மாற்ற விடாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வரும், டிஃபெண்டர் வேலை செய்யும். உரிமம் வாங்கத்தான் வேண்டும். கையில் காசு சேர்ந்ததும் வாங்கி கீயை அடித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லியிருந்தால் நான் அப்படியே செய்திருப்பேன். அவர்கள் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் அவர்களுக்கு 2,500 கிடையாது.

டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடுகிற வேலை இல்லை, பிள்ளைகள் படிக்க, ப்ரௌசர் பார்க்க, லெட்டர் அடிக்க மட்டும்தான் என்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் இருக்கின்றன. முழுக்க இலவசம், முழுக்கச் சட்டப்படி. இதையும் எந்தக் கடையிலும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து நாங்களே போட்டோம். எனக்கு இதுவரை தெரியாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவனுடைய லேப்டாப்பில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் பண்ணினான். என் பெட்டியில் அதைச் செய்யவே கூடாது என்றான். கணக்கு ஃபைல்களை மட்டும் தனியாக எடுத்து ஸ்கேன் பண்ணினோம். சாஃப்ட்வேர் ஒன்றையும் எடுக்கவில்லை. பிறகு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி ஹார்ட் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கி வைத்தான். இரண்டு டிஸ்கும் மாட்டியிருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஏறினாலும் அதைக் கிளப்பிவிடுகிற பூட் பகுதி ஹார்ட் டிஸ்கிலேயே தங்கிவிடலாம். நாளைக்கு ஹார்ட் டிஸ்க் போனால் கம்ப்யூட்டரே எழும்பாது. இந்த ஒரு காரியத்துக்காகவாவது தகட்டைக் கழற்றுவது நல்லது.

பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப எங்கள் மதர்போர்டில் எஃப் 11 பட்டனை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் இது மாறும். விண்டோஸை எங்கே போட வேண்டும் என்று கேட்கிற திரையில் 465.8 ஜிபி என்று ஒரே ஒரு வரி நின்றது. 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் அப்படித்தான் தெரியும். 1 டிபி என்றால் 931 என்று காட்டும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போட்டாலும் இந்தத் திரை வரும்போது பக்கத்தில் நின்று, எந்த எண்ணில் கிளிக் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

நடுவில் நெட் கிடைக்காமல் நின்றது. புது போர்டுக்கு நெட் இணைப்பை இயக்குகிற லேன் டிரைவர் விண்டோஸோடு வராமல் இருப்பது உண்டாம். போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். ஹோம் பதிப்பு போட்டோம், கீயை மைக்ரோசாஃப்டிடமே வாங்கினேன். இப்போது ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று வருகிறது. தமிழ் 99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கென்று எங்கிருந்தும் எதையும் இறக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹார்ட் டிஸ்கை மாட்டி, பழையதை முழுக்க அழித்தோம். பட்டனை அழுத்தினால் இப்போது இருபது எண்ணுவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது.

பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினேன். மெயிலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்று கொடுத்த பிறகுதான் அந்த வெளியூர் லாகின் நின்றது.

உங்கள் பெட்டியில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஆக்டிவேஷன் பக்கத்தில் நிறுவனத்தின் பேரில் என்று வருகிறதா, வீட்டுக் கம்ப்யூட்டரில் எண்டர்பிரைஸ் என்று இருக்கிறதா, எக்ஸ்க்ளூஷன்ஸில் நீங்கள் போடாத ஏதாவது நிற்கிறதா, சி டிரைவ் எந்த டிஸ்கில் இருக்கிறது. ஆக்டிவேஷன் சரி என்று காட்டுவதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அதையும் ஏமாற்றுகிற வழிகள் உண்டு. உரிமத்துக்குத் தனியாக ஒரு வரி பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கடைக்கு எதிராகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை என்றாலும் ஜிபே ரசீதில் 2,500 தனியாக நிற்கிறது, ஸ்க்ரீன் போட்டோக்கள் இருக்கின்றன. போன வாரம் கடையிலிருந்து கூப்பிட்டு, 2,500-ஐத் திருப்பித் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எத்தனை பேருக்கு இப்படிப் போட்டீர்களோ அத்தனை பேருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்கள், பிறகு எடுக்கிறேன் என்றேன். இதுவரை பதில் இல்லை.

அப்பளக்கார அண்ணாச்சி கணக்கை வேறு யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் எந்த மெயில் அனுப்பினாலும், பணம் போடுவதற்கு முன்னால் போன் போட்டு, "நீதானம்மா அனுப்பின?" என்று கேட்கிறார். "ஆமா அண்ணாச்சி, நான்தான்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறார்.