ஒன் பை வாக்காம் ஸ்மால் + கிரிட்டா: கேரக்டர் வரைய ஆசைப்படுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். பொழுதுபோக்குக்கு டிஜிட்டல்ல வரையணும், நாமளே ஒரு கேரக்டரை உருவாக்கிப் பாக்கணும்னு ஆசை இருக்கு, வீட்ல சுமாரா ஒரு லேப்டாப் கிடக்குதுன்னா லேப்டாப்ல மாட்டி பேனாவால வரையற பலகை மாதிரியான இந்த டேப்லெட் போதும், வரையற சாஃப்ட்வேருக்கு கிரிட்டா போதும், அதுக்கு மேல காசைக் கொட்டாதீங்க. ஆனா பாக்குறவங்க எல்லாம் சைஸைப் பத்திதான் கேக்குறாங்க, இத்துனூண்டா கீதே இதுல இன்னாத்த வரையறதுன்னு. சைஸ்ல ஒண்ணும் இல்லங்க, எல்லாம் செட்டிங்ல இருக்கு, அதைத் தொடாமயே ரெண்டு நாள் கிறுக்கிட்டு நமக்கு இது வராதுப்பான்னு பீரோ மேல தூக்கிப் போட்டவங்க எங்க தண்டையார்பேட்டைலயே இருக்காங்க.

பொருள் இன்னான்னா, சிடிஎல்-472ன்னு மாடல். ஸ்க்ரீன் கிடையாது, நீங்க டேபிள் மேல வரைவீங்க, கோடு மானிட்டர்ல வரும். வரையற இடம் 152 மிமீக்கு 95 மிமீ, கிட்டத்தட்ட ஒரு போஸ்ட் கார்டு. எடை கால் கிலோ சொச்சம். பேனாவுக்கு பேட்டரி இல்ல, சார்ஜும் போட வேணாம், டேப்லெட்டுக்குள்ள இருந்து வர்ற காந்தப் புலத்துலயே அது ஓடுது. பேனாவை எவ்ளோ அழுத்துறோமோ அதுக்கேத்த மாதிரி கோடு தடிக்கும், அந்த அழுத்தம் 2048 லெவல். இப்போ மத்த கம்பெனிங்க 8192, அதுக்கும் மேலன்னு அட்டைல பெருசா போடுறாங்க, அதைப் பாத்து மயங்காதீங்க, நம்ம கைக்கு அந்த வித்தியாசம் தெரியப் போறதில்ல.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல இதைக் கேட்டதுக்கு, "இதெல்லாம் பசங்க விளையாடுறது சார், ஸ்க்ரீன் வெச்சது எடுத்துக்கங்க"ன்னு வேற ஒண்ணைத் தலைல கட்டப் பாத்தாங்க. அந்த விலைக்கு இது மாதிரி நாலு வாங்கலாம். ஸ்க்ரீன் வெச்சது நல்லாத்தான் இருக்கும், கையைப் பாத்துக்கிட்டே வரையலாம், இதுல கண்ணு ஒரு பக்கம் கை ஒரு பக்கம், அது பழக கொஞ்ச நாள் புடிக்கும். மானிட்டர்ல ரெண்டு புள்ளி வெச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நேர்கோடு இழுத்துப் பழகுங்க, டெய்லி கொஞ்ச நேரம். போரடிக்கும்தான், ஆனா அதுலதான் கை திரும்பும்.

இப்போ செட்டிங்குக்கு வர்றேன். வீட்ல கேரம் போர்டு இருக்கும்ல, நம்ம ஏரியால இல்லாம இருக்குமா, அந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து டேப்லெட் மேல வெச்சு பேனாவால சுத்தி வரைங்க. மானிட்டர்ல பாத்தா வட்டம் வராது, மேல கீழ அமுங்கி, படுக்க வெச்ச முட்டை மாதிரி அகலமா வரும். ஏன்னா டேப்லெட்டோட அகல உயர விகிதம் 16:10, நம்ம மானிட்டருங்க பெரும்பாலும் 16:9, டேப்லெட் முழுசையும் மானிட்டர் முழுசுக்கும் இழுத்து ஒட்டுறப்போ அகலம் பத்துல ஒரு பங்குக்கு மேல கூடிடுது. 1920க்கு 1080 மானிட்டர்ல அந்த ஸ்ட்ரைக்கர் அகலத்துல 500 பிக்சலைத் தாண்டும், உயரத்துல 470 கூட எட்டாது. ஒல்லியா ஒரு மூஞ்சி போடணும்னு கை ஒழுங்காத்தான் போவும், மானிட்டர்ல கன்னம் உப்பிக்கிட்டு வந்து நிக்கும், நம்ம கைதான் சரியில்லன்னு நாமளே நெனச்சுக்குவோம். இதுக்கு வாக்காம் டேப்லெட் ப்ராபர்ட்டீஸ்ல மேப்பிங் டேப் போயி ஃபோர்ஸ் ப்ரப்போர்ஷன்ஸ்னு ஒரு டிக் போட்டா முடிஞ்சுது. உயரத்துல ஒரு 10 மிமீ வேஸ்ட்டாப் போவும், போவட்டும். திரும்ப ஸ்ட்ரைக்கரை வெச்சு வரைஞ்சு பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, கிரிட்டால கோடு எவ்ளோ அழுத்தினாலும் ஒரே தடிமனா வருதுன்னா டேப்லெட் ரிப்பேர்னு பயந்துடாதீங்க. செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ். அங்க பேனா அழுத்தத்தை சாஃப்ட்வேருக்குச் சொல்ற வழி விண்டேப், விண்டோஸ் இங்க்னு ரெண்டு இருக்கும், எது ஆன்ல இருக்கோ அதை விட்டுட்டு இன்னொண்ணை மாத்தி, கிரிட்டாவை மூடித் திறந்து பாருங்க.

கிரிட்டா பத்தி தனியா ஒரு ரிவ்யூவே போடலாம். ஓப்பன் சோர்ஸ், அவங்க சைட்ல இருந்து எறக்கினா ஃப்ரீ, ஸ்டீம்லயும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயும் காசு கேக்கும், சாமான் அதேதான். எனக்குப் புடிச்சது மூணு விஷயம். கீபோர்டுல E-யை அமுக்கினா கைல இருக்கிற பிரஷ்ஷே அழிப்பானா மாறிடும். M-மை அமுக்கினா படம் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பிடும், ஒரு கண்ணு மேல ஒரு கண்ணு கீழன்னு இருந்தா அப்போ பளிச்சுன்னு தெரியும். அப்புறம் பிரஷ் ஸ்மூத்திங், அதுல ஸ்டெபிலைசர் போட்டுக்கிட்டா கை நடுங்கினாலும் கோடு வழுக்கிக்கிட்டுப் போவும். ஆனா பழகுறப்போ அதை ரொம்ப ஏத்தி வெக்காதீங்க, கோடெல்லாம் அழகா உயிரே இல்லாம இருக்கும்.

இங்கதான் டேப்லெட்டோட பெரிய குறை வருது. மேல ஒரு பட்டன் கூட கிடையாது, பேனால மட்டும் ரெண்டு. ஆக இடது கை கீபோர்டு மேலயே இருக்கணும், கட்டில்ல சாஞ்சுக்கிட்டு மடில வெச்சு வரையலாம்னு கனவு காணாதீங்க. லேப்டாப் பழசுன்னா கேன்வாஸ் சைஸையும் கவனிங்க. A4 300 டிபிஐன்னா 2480க்கு 3508 பிக்சல், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கண்ணாடித் தாள் மாதிரி இருக்கிற லேயர்ல ஒண்ணு முழுசா நெரம்பினா 35 எம்பி கிட்ட ராம் புடிக்கும், 4 ஜிபி மெஷின்ல லேயரா ஏத்திக்கிட்டே போனா கோடு பேனாவுக்குப் பின்னாடி நொண்டிக்கிட்டு வரும்.

சின்ன ஏரியால கேரக்டர் டிசைன் செட் ஆவுமான்னா, தாராளமா. ஏன்னா ஆரம்பமே கட்டைவிரல் சைஸ் படம்தான், பத்து பன்னெண்டு உருவத்தை கருப்பா ரொப்பிப் பாக்கணும், முகம் இல்லாமயே யாருன்னு தெரியணும். நான் காசிமேட்டு கூடைக்கார அம்மா, மீன்பாடி வண்டி ஓட்டுற அண்ணன், போர்டு மேல கவுந்துக்கிட்டு இருக்கிற கேரம் பிளேயர்னு மூணு பேரை எடுத்துக்கிட்டேன். கூடைக்காரம்மாவ வரையப் போறேன்னதும் எங்க ஆயா, "சும்மாடு இல்லாம கூடை எப்பிடிடா தலைல நிக்கும்"னு பழைய புடவையைக் கிழிச்சுச் சுத்தி, தலைல வெச்சு, ஒரு கையை மேல குடுத்து இடுப்பை லேசா ஒடிச்சு நின்னு காட்டுச்சு. அந்த இடுப்பு வளைவு ஒரு கோடு, அதைப் புடிச்சிட்டா மிச்ச உடம்பு தானா வந்து ஒக்காரும். வீடியோல லைன் ஆஃப் ஆக்‌ஷன்னு பாடம் எடுக்குறாங்கல்ல, இதுதான் அது.

அதுக்கப்புறம் கேரக்டரோட உடம்புக்கு அடிப்படை வடிவம், வட்டம், சதுரம், முக்கோணம். வட்டமா இருந்தா நல்லவன், முக்கோணமா இருந்தா வில்லன்னு எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க, அதை அப்பிடியே புடிச்சுக்காதீங்க, மெட்ரோல விம்கோ நகர் வரைக்கும் போயிட்டு வாங்க, எத்தினி விதமான ஒடம்பு ஏறி எறங்குதுன்னு தெரியும். நோட்டுல பென்சில்ல கிறுக்கிக்கிட்டு வந்து வீட்ல டேப்லெட்ல ஏத்துவேன். முன்பக்கம், முக்கால், சைடு, முதுகுன்னு டர்ன்அரவுண்ட் ஷீட் போடுறப்போ மட்டும் ஏரியா பத்தலன்னு தோணும், அப்பப்போ ஜூம் பண்ணித்தான் ஆவணும். தோளைச் சுழட்டி பெரிய பெரிய கோடா இழுத்துப் பழகினவங்க மீடியம் சைஸ் பாருங்க.

நம்ம ஊரு வேர்வைக்கு கை டேப்லெட்ல ஒட்டும். பழைய சாக்ஸை வெட்டி சுண்டு விரல், மோதிர விரலுக்கு மாட்டிக்கிட்டா போதும், கிளவுஸ்னு தனியா வாங்காதீங்க. நிப்பு தேயுற சாமான்தான், டேப்லெட் மேல ஒரு ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) வெட்டிப் போட்டா கொஞ்சம் கூட ஒழைக்கும்.

வாங்குறப்போ பாக்ஸ்ல மூணு ஸ்பேர் நிப்பு, நிப்பு கழட்டுற வளையம், யூஎஸ்பி கேபிள் இருக்கான்னு பாருங்க. ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர் எனக்கு சீல் பிரிச்ச பாக்ஸை அனுப்பி, உள்ள நிப்பே இல்ல, ரிட்டர்ன் போட்டு மறுபடி வாங்கினேன், பிரிக்கிறப்போ வீடியோ எடுத்து வெச்சதால பணம் திரும்பிச்சு. பில்லை பத்திரமா வைங்க, வாரண்டிக்குக் கேப்பாங்க. பேனாவை அதை விட பத்திரமா வைங்க, வேற கம்பெனி பேனா பெரும்பாலும் இதுல ஓடாது, வீட்ல வாண்டுங்க இருந்தா ஹோம்வொர்க் எழுத எடுத்துக்கிட்டுப் போயி, எழுதலன்னு தரைல தேய்ச்சுக்கிட்டு இருக்கும்.