சீரியலா, சினிமாவா? வட சென்னையிலிருந்து ஒரு தேதிக் கணக்கு

‘மெட்ராஸ்’ (2014), ‘வட சென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) என்று வரிசையாக நம்ம பக்கத்துக் கதைகள் திரைக்கு வந்த பிறகு, ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் நடிக்கக் கிளம்புகிற பிள்ளைகளுக்குச் சினிமாவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. தப்பில்லை. ஆனால் வீட்டு வாடகையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்குகிறவருக்கு என் ஓட்டு சீரியலுக்குத்தான். அதிலும் ஹீரோ, ஹீரோயின் அல்ல. சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ் மேனேஜர் மாதிரியான துணை வேஷம்.

பேர், மரியாதை, நடித்துக் காட்ட இடம் எல்லாவற்றிலும் சினிமா மேல் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்ப்பு தருகிறேன் என்று ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் போட்டோ ஷூட்டுக்கும் காசு கேட்கிற ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு. கேட்ட இடத்திலேயே திரும்பிவிடுங்கள். முடிவைத் தீர்மானிப்பது இதெல்லாம் இல்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை, அந்தத் தேதி யார் கையில் என்பதுதான்.

திங்கள் முதல் சனி வரை ஓடும் சீரியலுக்கு மாதம் 25, 26 எபிசோட் வேண்டும். விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்கு மேல். அதனால் யூனிட் படுத்தாலும் எழுந்தாலும் ஷூட்டிங்தான். உங்கள் டிராக், அதாவது உங்கள் பாத்திரத்தின் கதை, ஓடுகிற மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் கூப்பிடுவார்கள். ஓடாத மாதத்தில் மூன்று நாளோடு நின்றுவிடும். நாளுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 நாளைக்கு 24,000. சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கிற வரியான டிடிஎஸ் 10 சதவீதம் போனால் கையில் 21,600. அந்த 2,400-ஐ விட்டுவிடாதீர்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அது திரும்ப வரும். பேமெண்ட் அந்த மாதமே வரும் என்று நம்பி யாரிடமும் கடன் சொல்லாதீர்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளித்தான் பெரும்பாலும் வரும். பேக்கப் ஆனதும், அதாவது அன்றைய ஷூட்டிங் முடிந்ததும், தேதி, சீன் எண், அரை கால்ஷீட்டா (பாதி நாள் வேலையா) முழுசா என்று மேனேஜருக்கு ஒரு வாட்ஸாப் தட்டிவிடுங்கள். பிறகு நாள் கணக்கில் இழுபறி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

சினிமாவில் சின்ன வேஷத்துக்கு மொத்தமே நாலைந்து நாள். நாள் சம்பளம் சீரியலைவிடக் கூட இருக்கலாம். ஆனால் அந்த நாலு நாளுக்காக இன்னும் இருபது நாளைக் காலியாக வைக்கச் சொல்வார்கள். ஹீரோ தேதி மாறும், மழை வரும், ஃபைனான்ஸ் நிற்கும். தாடி வளர்க்கச் சொல்லியிருந்தால் நடுவில் வேறு வேஷமும் வாங்க முடியாது. வேலை செய்யாத அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைக் கணக்கில் எடுத்தால், நாலு நாள் பணத்தை இருபத்துநாலு நாளால் வகுக்க வேண்டும். பாக்கிப் பணத்தை டப்பிங் பேசும் முன்பே வாங்கிவிடுவது வழக்கம். குரல் கொடுத்து முடித்த பிறகு மேனேஜர் போன் எடுப்பது அபூர்வம்.

சீரியலிலும் தேதி முழுசாக உங்கள் கையில் இல்லை. நாளைக்கு வா என்பதை முந்தின நாள் ராத்திரிதான் சொல்வார்கள். அதனால் அடுத்த மாத ஷெட்யூல் போடுவதற்கு முன்பே, 20, 25 தேதி வாக்கில், உங்களுக்கு எந்த நாட்கள் ஆகாது என்று கோ-டைரக்டரிடம் சொல்லி வையுங்கள். ஷெட்யூல் சார்ட் போட்ட பிறகு கேட்டால் தர மாட்டார்கள். ஒரு செட்டில் பத்துப் பேர் சேர்ந்து நிற்கும் குடும்ப சீன் உங்கள் ஒருவரால் கெடும். அக்ரிமெண்டில் வேறு சேனலில் நடிக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். லீடுக்கு (ஹீரோ, ஹீரோயினுக்கு) அதைப் போடுவார்கள், அதற்கேற்ற சம்பளமும் தருவார்கள். துணை வேஷத்துக்கும் அதே வரியை ஒட்டியிருந்தால் எடுக்கச் சொல்லிப் பேசலாம்.

சீரியலின் மறைமுகச் செலவு துணி. துணை நடிகர்கள் பெரும்பாலும் சொந்த உடையோடுதான் போக வேண்டும். காலையில் எடுத்த சீனின் தொடர்ச்சி பத்து நாள் கழித்து வரும். அன்றைக்கு அந்த நீலச் சட்டை சலவைக் கடையில் இருந்தால் முழு செட்டும் உங்களைத்தான் பார்க்கும். ஒவ்வொரு சீனுக்கும் முன்னால் தலை முதல் கால் வரை போனில் ஒரு படம், கூடவே சீன் எண். வாட்ச், கயிறு, பொட்டு எல்லாம் தெரிய வேண்டும். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலையடிக்கும்.

வேலை போவதும் அங்கே சட்டென்று நடக்கும். வியாழக்கிழமை டிஆர்பி வந்ததும் கதை திரும்பும். உங்கள் பாத்திரம் வெளிநாடு போய்விடலாம், போட்டோவில் மாலையும் ஏறலாம். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு கார்டு போட்டால் மக்களும் நாலு நாளில் பழகிக்கொள்வார்கள்.

பெரிய ஆபத்து பிராம்ப்டிங். கேமராவுக்குப் பின்னால் நின்று அசிஸ்டெண்ட் வசனத்தைப் படிப்பார், அதைக் கேட்டு நீங்கள் சொல்ல வேண்டும். எல்லோரும் தெரிகிற மாஸ்டர் ஷாட், ஒருவர் தோள் வழியாக இன்னொருவரைக் காட்டுகிற சஜஷன், முகம் மட்டும் தெரிகிற க்ளோசப் என்று ஒரே நாளில் பல சீன் முடிய இதுதான் வழி. ஆனால் ஒரு வருஷம் இப்படி ஓடினால், ஒவ்வொரு வரிக்கு முன்பும் காது குரலுக்காகக் காத்திருக்கும், கண் அரை நொடி செத்துப்போகும். சினிமா ஆடிஷனில் முதல் டேக்கிலேயே அது தெரிந்துவிடும். மேக்கப் போடும் நேரத்தில் சீன் பேப்பரைக் கேட்டு வாங்கி மனப்பாடம் செய்துவிட்டு, “முதல் வார்த்தை மட்டும் கொடுங்க போதும் சார்” என்று சொல்லிப் பாருங்கள். நேரம் மிச்சமானால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பேச்சு விஷயத்தில் நமக்கு இரண்டு பக்கமும் இடிதான். நம்ம பாஷையைக் கேட்டதும் சினிமாக்காரர்கள் கையில் கத்தியைக் கொடுத்து அல்லக்கையாக நிற்க வைப்பார்கள். சீரியல்காரர்கள் கொங்கு, மதுரை, இல்லாவிட்டால் பொதுத்தமிழ் கேட்பார்கள். அறிமுக வீடியோவில் அதே வசனத்தை நம்ம பேச்சிலும் பொதுத்தமிழிலும் பேசிக் காட்டுங்கள். போன் படுக்கை வாட்டில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில், இரண்டு நிமிஷத்துக்குள்.

சீரியல் முகம் சினிமாவுக்கு ஆகாது என்பது பழைய பேச்சு. சீரியலிலிருந்து போன பிரியா பவானி சங்கர், ராயபுரத்துக் கதையான ‘மேயாத மான்’ (2017) படத்தில் கதாநாயகி. வாணி போஜனும் அப்படிப் போனவர்தான். ஆனால் இவர்கள் லீடு. துணை வேஷக்காரர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு லேசில் திறப்பதில்லை. அம்மாவாக மூன்று வருஷம் வந்தவரைச் சினிமாவும் அம்மாவாகத்தான் கூப்பிடும்.

போக்குவரத்து சின்ன விஷயம் இல்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் பச்சை லைனுக்கு மாறினால் வடபழனி. ஏவிஎம்மும் சாலிகிராமமும் அங்கிருந்து பக்கம். ஆனால் ஷூட்டிங் வீடு வளசரவாக்கம், போரூர் தாண்டியோ பூந்தமல்லிக்கு அப்பால் ஈவிபி ஃபிலிம் சிட்டியிலோ இருந்தால், ராத்திரி பேக்கப்புக்குப் பிறகு திருவொற்றியூர் திரும்ப ஆட்டோவே நாள் சம்பளத்தில் பாதியைத் தின்னும். கம்பெனி வண்டி உண்டா என்பதைச் சம்பளம் பேசும்போதே கேளுங்கள்.

வயது இருபதைச் சுற்றி, வீட்டில் வேறு சம்பளம் வருகிறது என்றால் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் சீரியலுக்கு அவசரப்பட வேண்டாம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை மாதிரி ஒரு நாடகக் குழுவில் உடம்பையும் குரலையும் பழக்கலாம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். குறும்படங்களில் பிராம்ப்ட் இல்லாமல் பேசிப் பழகிவிட்டுச் சினிமா ஆடிஷனுக்குப் போகலாம்.