லோரி இடிச்ச கேஸ்: சின்ன கோர்ட்டா, ஓம்புட்ஸ்மனா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் ரோட்டுலருந்து மெயின் ரோட்டுல ஏறி கொஞ்ச தூரம் போயிட்டேன், பின்னாடி வந்த செம்பனை லோரி என் மைவி கார இடிச்சிருச்சு. 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் செஞ்சாச்சு, போலிஸ் சம்மன் லோரிக்காரருக்குத்தான். ஆனா லோரியோட இன்சூரன்ஸ் கம்பெனி, நீ திடீர்னு வெளிய வந்த, பாதி தப்பு உன் மேலன்னுட்டாங்க. பில் 4,600 வெள்ளி, 2,300தான் தருவாங்களாம். என்கிட்ட இருக்கிறது வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான், அடுத்தவங்க சேதத்துக்குத்தான் கட்டுவாங்க, அதனால சொந்த கம்பெனியில கிளேம் பண்ற வழியும் இல்ல.

மாஜிஸ்திரேட் கோர்ட்ல சின்ன கிளேம் இருக்கு. 5,000 வெள்ளி வரைக்கும், லோயர் வேணாம், பாரம் 198 நிரப்புனா போதும். இன்னொன்னு ஃபைனான்சியல் மார்க்கெட்ஸ் ஓம்புட்ஸ்மன், இன்சூரன்ஸ் கம்பெனி மேல உள்ள புகார விசாரிக்கிற இடம், 2025 ஜனவரி வரைக்கும் ஓஎஃப்எஸ்னு இருந்துச்சே, அதேதான். காசு கிடையாது, தேர்ட் பார்ட்டி வண்டி சேதத்துக்கு 10,000 வெள்ளி வரைக்கும் பார்ப்பாங்க.

நான் போனது ஓம்புட்ஸ்மன்கிட்ட. காரணம் காசு இல்ல. கோர்ட்டுன்னா நேரா இன்சூரன்ஸ் கம்பெனி மேல போட முடியாது, லோரி ஓட்டுனவர் பேர எழுத வேண்டி வரும். அவரு பக்கத்து தோட்டத்துக்காரரு, ஆடி மாசம் அதே மாரியம்மன் கோயில்லதான் நிப்போம், அவரு பொண்ணும் என் மகளும் ஒரே தமிழ்ப்பள்ளி. சம்மனையே அவரு பேசாம வாங்கிக்கிட்டாரு, பாதி தப்புன்னு சொன்னது கம்பெனிதான், அதுக்கு இந்த மனுசன எதுக்கு கூண்டுல ஏத்தணும்? ஓம்புட்ஸ்மன்ல எதிர்ல நிக்கிறது கம்பெனி மட்டும்தான். அவங்க தீர்ப்ப நாம ஏத்துக்கிட்டா கம்பெனி கட்டியே ஆகணும், நமக்குப் பிடிக்கலன்னா அப்புறமும் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா முதல்ல கோர்ட்டுக்குப் போயிட்டா ஓம்புட்ஸ்மன் அந்தக் கேச எடுக்க மாட்டாங்க, இதை நிறைய பேரு கவனிக்கிறதில்ல.

நான் அனுப்புனது போலிஸ் ரிப்போர்ட், ரெண்டு வண்டி போட்டோ, வொர்க்‌ஷாப் பில். என் காரு பின் பம்பர் நட்டநடுவுல நசுங்கியிருந்துச்சு, அப்பதான் ரோட்டுல திரும்புன வண்டின்னா மூலையிலதானே அடி விழும், அதை எழுதியே குடுத்தேன். ஓம்புட்ஸ்மனோட கேஸ் மேனேஜர் பேசுற கட்டத்துலேயே கம்பெனி முழுசா கட்ட ஒத்துக்கிட்டாங்க, மாசக்கணக்கா ஆச்சு, அதுவரைக்கும் தம்பி மோட்டார்லதான் வேலைக்குப் போனேன்.

கோர்ட்டுக்கு நான் போனதில்ல, அவசரமா காசு வேணும்னா அது சீக்கிரம் முடியுமான்னு போனவங்கள கேளுங்க. ஒன்னு மட்டும், பாதிப் பணத்துக்கு முழுத் தீர்வுன்னு கையெழுத்து போட்டுடாதீங்க, கம்பெனியோட கடைசி முடிவ லெட்டரா வாங்குங்க, அந்த நாள்லருந்து ஆறு மாசம்தான் ஓம்புட்ஸ்மனுக்கு டைம்.