இரவு நேரக் கதை: தாளிலா, போனிலா, வீடியோவிலா?

ஐந்தாறு வயதுக் குழந்தைக்குத் தமிழில் கதை கொடுக்க இன்று நாலு வழி இருக்கிறது: கடையில் வாங்கும் படப் புத்தகம், போனில் படிக்கும் இலவசக் கதை, யூடியூப் வீடியோ, குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலி. எல்லாம் 'கதை' என்ற பெயரில் வருவதால், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று எடுத்துக்கொள்கிறோம். நான் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது ஒரு கேள்வியை வைத்து: பக்கத்தைப் புரட்டுவது யார்?

வீடியோவில் புரட்டுவது வீடியோவேதான். நரி ஏன் கோபித்துக்கொண்டது என்று குழந்தை கேட்டு முடிப்பதற்குள் நரி காட்டைத் தாண்டிப் போயிருக்கும். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் ஜெயிப்பது இதுதான். காசு வேண்டாம், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், சோறு ஊட்டும் வேலையும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ஹட்டன் குழுவினர், பள்ளி சேரும் வயதுக்கு முந்தைய 27 குழந்தைகளுக்குக் கதையை ஒலியாக மட்டும், படத்தோடு ஒலியாக, அனிமேஷனாக என்று மூன்று விதமாகக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அனிமேஷனின்போது பார்க்கும் பகுதியும் கேட்கும் பகுதியும் மும்முரமாக வேலை செய்தன, ஆனால் மூளையின் வலைப்பின்னல்களுக்கு இடையே தொடர்பு குறைந்திருந்தது. அசையாத படமும் குரலும் சேர்ந்தபோது அந்தத் தொடர்பு கூடியது. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சோபாவில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

வீடியோவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. புதுச்சேரியிலிருந்து இயங்கும் புக்பாக்ஸ் தயாரிக்கும் கதைகளில், பேசும் வரி கீழே எழுத்தாக ஓடும், சொல்லச் சொல்ல அந்தந்தச் சொல் நிறம் மாறும். தொலைக்காட்சிப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைப் போட்டால் பார்ப்பவர்கள் தம்மையறியாமல் படிப்பார்கள் என்று புக்பாக்ஸை நிறுவிய பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய முயற்சியின் குழந்தைகள் பதிப்பு என்று இதைச் சொல்லலாம். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு நல்லது. எழுத்தே தெரியாத மூன்று வயதுக்கு இதுவும் இன்னொரு கார்ட்டூன்தான்.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்: அச்சுப் புத்தகமா, ஸ்டோரிவீவரா? பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம், எல்லாம் இலவசம், நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். அச்சுப் பக்கம் பார்த்தால் 1996 முதல் சென்னையிலிருந்து வரும் தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகங்கள், நேஷனல் புக் டிரஸ்ட்டின் மலிவு விலை வெளியீடுகள், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள். எண்ணிக்கையிலும் விலையிலும் ஸ்டோரிவீவருக்கே வெற்றி.

தரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதுதான் அந்தத் தளத்தின் பலம், பலவீனமும் அதுவே. நல்ல கதைக்குப் பக்கத்திலேயே இந்தியிலிருந்து அப்படியே இறக்கிய வாக்கியங்களோடு ஒன்று கிடக்கும். பிள்ளையிடம் கொடுக்கும் முன் ஒரு தடவை நீங்கள் வாசித்துவிடுங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் போன் சமாச்சாரம். இரண்டு பக்கத்துக்கு விரியும் யானை, உள்ளங்கை அகலத்தில் எலியாகிவிடுகிறது. மேலே ஏதோ ஒரு செய்தி எட்டிப் பார்க்கும், யூடியூபின் சிவப்புச் சின்னம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியும். மிச்சிகனில் 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளைக் கவனித்து 2019இல் வெளியான ஆய்வும் இதையொட்டித்தான்: மின்புத்தகத்தைவிட அச்சுப் புத்தகத்தை வாசிக்கும்போது பெற்றோர் கதையைப் பற்றிக் குழந்தையோடு அதிகம் பேசினார்கள். திரையில் 'அதைத் தொடாதே, இதை அழுத்தாதே' என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடும் போலிருக்கிறது.

தமிழுக்கு இந்தப் பேச்சு கூடுதலாகவே தேவை. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். வாசித்துக் காட்டும் அம்மாவோ தாத்தாவோ எழுத்துத் தமிழை அங்கங்கே பேச்சுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அடுத்த வாரம் அதே கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பார்கள். குழந்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவது அப்படித்தான். தாளிலும் செய்யலாம், ஸ்டோரிவீவரிலும் செய்யலாம், பதிவுசெய்த குரலில் முடியாது.

வாசிப்பைக் கேட்கும் செயலிகளுக்கு வேறொரு இடம் இருக்கிறது. கூகுளின் ரீட் அலாங்கை வைத்து, 2022 ஜூனில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். அம்மா அப்பாவே தமிழில் தடுமாறும் வீட்டிலும், நாலு பேர் முன் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இது பயன்படும். பயிற்சி என்ற அளவில் சரி. செயலி பரிசாகத் தரும் நட்சத்திரங்களைச் சேர்ப்பதிலேயே ஆர்வம் போய்விட்டால் கதை காதில் ஏறாது.

திரை நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வழிகாட்டுதல். ஸ்டோரிவீவரும் இந்தக் கணக்கில் சேருமா? ஐந்துக்குக் கீழே சேர்த்துவிடுவேன், கண்ணுக்கும் தூக்கத்துக்கும் கதை என்ன, கார்ட்டூன் என்ன? பள்ளி போகும் பிள்ளை பெரியவரோடு உட்கார்ந்து வாசிக்கும் கால் மணி நேரத்தைக் கார்ட்டூன் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

காசுதான் தடை என்கிறோம், நூலகத்தை மறந்துவிடுகிறோம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூலகத்திலும் குழந்தைகள் பகுதி நன்றாகவே இருக்கிறது. கிளை நூலகம் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன், போட்டித் தேர்வு நூல்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற குட்டிப் புத்தகங்கள் வகுப்பில் இருக்கின்றனவா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

என் தேர்வு இது. ஐந்து வயது வரை தாள் மட்டும், புத்தகம் பத்தே இருந்தாலும் போதும், அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆறிலிருந்து எட்டு வரை தாளும் ஸ்டோரிவீவரும், வாரக் கடைசியில் புக்பாக்ஸ். போனைக் கையில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், ஸ்டோரிவீவர் கதையை பிடிஎஃப் ஆக இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கலாம், அதன் திறந்த உரிமம் அதை அனுமதிக்கிறது. கலரில் எடுத்தால் புத்தக விலையே வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுங்கள், வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.